சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இயர்போன், சார்ஜர், பவர் பேங்க் வாங்கப் போகிறீர்களா?

காதில் மாட்டுகிற சாமானில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், கரண்டில் செருகுகிற சாமானில் பிடிக்காதீர்கள். ஐநூறு ரூபாய் இயர்போன் மட்டமாக இருந்தால் பாட்டு மட்டமாகக் கேட்கும், அவ்வளவுதான். நூறு ரூபாய் சார்ஜர் மட்டமாக இருந்தால் இருபதாயிரம் ரூபாய் போனும் அதைத் தலைமாட்டில் சொருகிவிட்டுத் தூங்குகிற ஆளும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள். ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகிற பலரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். ஹெட்போனுக்கு நாலு கடை ஏறி இறங்கிப் பேரம் பேசிவிட்டு, கிளம்புகிற நேரத்தில் வாசலில் தொங்குகிற கேபிளையும் அடாப்டரையும் யோசிக்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: ரிச்சி ஸ்ட்ரீட் என்று ஒரு பேர்தானே தவிர அது ஒரு தெரு மட்டும் இல்லை. அண்ணா சாலையை ஒட்டி நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளும் சேர்ந்ததுதான் மொத்த மார்க்கெட். பைக்கில் போனால் நிறுத்த இடம் தேடியே பாதி உயிர் போய்விடும், பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனிலோ மெட்ரோவில் அரசினர் தோட்டத்திலோ இறங்கி நடந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டத்தில் எந்தக் கடைக்காரரும் உங்களுக்குப் பெட்டியைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருக்க மாட்டார், வார நாளில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போனால் பொறுமையாகக் காட்டுவார்கள். இன்னொன்று, போனில் முழு சார்ஜ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முப்பது நாற்பது சதவீதத்தில் இருக்கட்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: உங்கள் போன் எந்த முறையில் வேகமாகச் சார்ஜ் ஆகிறது என்று பாருங்கள். ஐபோன் மாதிரியானவை பிடி (PD, பவர் டெலிவரி) என்கிற பொது முறையில் ஓடும். சாம்சங்கின் 25 வாட்ஸ் வேகத்துக்கு வெறும் PD போதாது, பிபிஎஸ் (PPS) என்கிற கூடுதல் வசதி சார்ஜரில் இருக்க வேண்டும், அது இல்லையென்றால் சார்ஜ் ஏறும், ஆனால் வேகம் இறங்கிவிடும். ஒன்பிளஸ், ஓப்போ, ரியல்மி, விவோ எல்லாம் தங்களுக்கென்று சொந்த முறை வைத்திருக்கின்றன. 80 வாட்ஸ் போனுக்கு வெளியில் 100 வாட்ஸ் சார்ஜர் வாங்கினாலும் அது மெதுவாகத்தான் ஏறும், அந்தக் கம்பெனியின் சார்ஜரும் அந்தக் கம்பெனியின் கேபிளும் சேர்ந்தால்தான் முழு வேகம். இது தெரியாமல் 'பாஸ்ட் சார்ஜர் ஒண்ணு குடுங்க' என்று கேட்டால் கையில் எது இருக்கிறதோ அதைத்தான் கொடுப்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சார்ஜரை வாங்கும்போது பெட்டியைப் படிக்காதீர்கள், சார்ஜரின் உடம்பில் பொடி எழுத்தில் இருக்கிற அவுட்புட் வரியைப் படியுங்கள். 9 வோல்ட், 2.22 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கிப் பாருங்கள், 20 வாட்ஸ். பெட்டியில் 65 வாட்ஸ் என்று மின்னல் படம் போட்டிருந்து உடம்பில் 5 வோல்ட் 2 ஆம்பியர் மட்டும் இருந்தால் அது 10 வாட்ஸ் சார்ஜர், பேச்சே இல்லை. மூன்று போர்ட் இருக்கிற சார்ஜரில் எழுதியிருக்கும் வாட்ஸ் பெரும்பாலும் மொத்தக் கணக்கு, இரண்டு போனைச் சொருகியதும் அது பிரிந்துவிடும்.

அடுத்து பிஐஎஸ் (BIS) முத்திரை, அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை. சார்ஜருக்கும் பவர் பேங்குக்கும் இந்தியாவில் பிஐஎஸ் பதிவு கட்டாயம். பிரஷர் குக்கரில் பார்க்கிற ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி இருக்காது, 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கம் வரும் ஒரு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசாங்க ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது, என்ன பொருளுக்கு வாங்கிய பதிவு என்று வரும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை. எண்ணே இல்லை, அல்லது எண்ணைப் போட்டால் வேறு ஏதோ சாமானின் பேர் வருகிறது என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். நானாக இருந்தால் கடைக்காரரிடம் வாக்குவாதம்கூடச் செய்ய மாட்டேன், 'சரிண்ணே, அப்புறம் வரேன்' என்று சொல்லிவிட்டு அடுத்த கடை.

இப்போது அந்த முப்பது சதவீத விஷயம். பேட்டரி நிறைய நிறைய போன் தானாகவே சார்ஜ் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், தொண்ணூறு சதவீதத்தில் இருக்கிற போனில் நல்ல சார்ஜரும் டப்பா சார்ஜரும் ஒரே மாதிரிதான் தெரியும். காலியாக இருக்கிற போனைச் சொருகினால் உண்மை உடனே திரையில் வரும். சாம்சங்கில் 'சூப்பர் பாஸ்ட் சார்ஜிங்' என்று வர வேண்டும், வெறும் 'பாஸ்ட் சார்ஜிங்' என்று வந்தால் அது பழைய 15 வாட்ஸ் வேகம். மற்ற கம்பெனிகளும் அவரவர் பேரைத் திரையில் காட்டும். அடிக்கடி இந்த மாதிரி வாங்குகிறவர் என்றால் ஒரு யூஎஸ்பி மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கேபிளுக்கும் சார்ஜருக்கும் நடுவில் சொருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டிவிடும்.

கேபிளில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். இரண்டு பக்கமும் டைப் சி இருக்கிற சாதாரண கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட்ஸ் வரைக்கும்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் கேபிளின் முனைக்குள் ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும், 60 வாட்ஸுக்கு மேல் இழுக்கிற லேப்டாப்புக்கு இந்த 5 ஆம்பியர் கேபிள்தான் தேவை. சாம்சங்கின் 45 வாட்ஸ் போன்கள் பலவற்றுக்கும் இதுதான் வேண்டும், வாட்ஸ் குறைவானாலும் அங்கே ஆம்பியர் மூன்றைத் தாண்டிவிடும். மேலே துணி பின்னியிருப்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சார்ஜ் மட்டும் ஏறி டேட்டா போகாத கேபிள்களும் நிறைய உண்டு. காரில் ஆண்ட்ராய்ட் ஆட்டோ ஓடவில்லை, போன் கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டரில் ஒரு தடவை சொருகிக் காட்டச் சொல்லுங்கள். டேட்டா போனாலும் பெரும்பாலான கேபிள்கள் பழைய யூஎஸ்பி 2 வேகம்தான், விலை உயர்ந்த 240 வாட்ஸ் கேபிளிலும் அப்படி உண்டு. வீடியோ எடுத்து லேப்டாப்பில் ஏற்றுகிற வேலை உங்களுக்கு இருந்தால் வாட்ஸைத் தவிர டேட்டா வேகத்தையும் தனியாகக் கேளுங்கள்.

பவர் பேங்கில் 10000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் பேட்டரியின் கணக்கு. அது 37 வாட் அவர். போனுக்கு 5 வோல்ட்டில் வெளியே வரும்போது 7400 ஆகிவிடும், மாற்றுவதில் சூடாகி வீணாவதையும் கழித்தால் ஆறாயிரம் சொச்சம் கிடைத்தாலே நல்ல பவர் பேங்க். நல்ல கம்பெனிகள் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று இந்த உண்மை எண்ணைப் பின்பக்கம் போட்டிருப்பார்கள், அது போடாத பவர் பேங்கை நான் தொடுவதில்லை. நடைபாதையில் கைக்கடக்கமாக 50000 எம்ஏஎச் என்று ஒன்று விற்கும், அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். விமானத்தில் போகிறவர்களுக்கு 100 வாட் அவர் வரைதான் தடையில்லாமல் கொண்டுபோக முடியும், அதுவும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 20000 எம்ஏஎச் என்றால் 74 வாட் அவர், பிரச்சினை இல்லை. ஆனால் அந்த எண் அழியாமல் மேலே அச்சடித்திருக்க வேண்டும், ஒட்டின ஸ்டிக்கர் நாலு மாதத்தில் உரிந்துவிட்டால் செக்யூரிட்டியில் நிறுத்துவார்கள்.

இனி காது. மலிவு ப்ளூடூத் பட்ஸ் பெட்டிகளில் பெரிதாக 'இஎன்சி நாய்ஸ் கேன்சலேஷன்' என்று போட்டிருக்கும். அது உங்கள் காதுக்கு இல்லை. நீங்கள் போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்குச் சத்தம் குறைவாகக் கேட்பதற்கு. பஸ் இரைச்சல் உங்களுக்குக் கேட்கக் கூடாது என்றால் பெட்டியில் ஏஎன்சி என்று இருக்க வேண்டும், இரண்டும் வேறு வேறு. 50 மணி நேரம் பாட்டு கேட்கலாம் என்பது சார்ஜிங் டப்பாவின் பேட்டரியையும் சேர்த்த கணக்கு, காதில் ஒரு தடவை மாட்டினால் எத்தனை மணி நேரம் என்று தேடிப் படியுங்கள். 13 எம்எம் டிரைவர் (உள்ளே சத்தம் எழுப்புகிற சின்ன ஸ்பீக்கர்) 10 எம்எம்மைவிட நல்லது என்பதெல்லாம் கிடையாது. ஐபோன் வைத்திருப்பவர்கள், ப்ளூடூத்தில் பாட்டைத் தரமாக அனுப்புகிற எல்டிஏசி (LDAC) முறை இருக்கிறது என்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், ஐபோனில் அது வேலையே செய்யாது, ஆண்ட்ராய்டில்தான் பயன். தண்ணீர் தாங்கும் என்பதற்கு ஐபிஎக்ஸ் 5 என்று போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் பட்ஸுக்கு மட்டும், சார்ஜிங் டப்பா மழையில் நனைந்தால் போச்சு. ஸ்பீக்கர் வாங்கினால் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருப்பதை மறந்துவிட்டு ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வாட்ஸ், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள், அதற்குக் கடைக்காரர் பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

என்னைக் கேட்டால், பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும், பட்ஜெட் இரண்டாயிரத்துக்குள் என்பவர்கள் ப்ளூடூத் பக்கமே போக வேண்டாம். கேஇசட், மூன்ட்ராப் மாதிரிக் கம்பெனிகளின் ஒயர் வைத்த இன்-இயர் வாங்குங்கள், அதே விலை பட்ஸ் கிட்டேகூட வர முடியாது, பல மாடல்களில் ஒயர் அறுந்தால் ஒயரை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், பேட்டரி செத்துப்போகிற கவலையும் இல்லை. ஜூம் மீட்டிங்கில் உட்காருகிறவர்களுக்கும் ஒயர்தான் நல்லது, லேப்டாப்பில் ப்ளூடூத் மைக் ஆன் ஆனதும் சத்தம் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். போனில் 3.5 எம்எம் ஓட்டை இல்லையே என்றால் டைப் சி அடாப்டர் வாங்கலாம், ஆனால் டிஜிட்டல் சிக்னலை இயர்போனுக்கான சத்தமாக மாற்றுகிற டேக் (DAC) சிப் உள்ளே இருக்கிற அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள். சிப் இல்லாத அறுபது ரூபாய் அடாப்டர் பல போன்களில் சத்தமே தராது. ஆகவே உங்கள் போனில் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது அவர்கள் வைத்திருக்கிற டம் டம் டெமோ பாட்டு வேண்டாம், உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடுங்கள். இளையராஜா பாட்டு எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் பேஸ் கிட்டார் தனி வழியில் நடந்துகொண்டிருக்கும், அது குரலை மூடாமல் தனியாகக் காதில் விழுந்தால் இயர்போன் தேறிவிட்டது. பேஸே இல்லாமல் தகரமாகக் கேட்டால் உடனே இயர்போனைத் திட்டாதீர்கள், ரப்பர் உங்கள் காதுக்குப் பொருந்தவில்லை, டப்பாவில் இருக்கிற அடுத்த சைஸை மாட்டிப் பாருங்கள். அப்புறம் மைக். கடை வாசலுக்கு வந்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுக் கேளுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் இரைச்சலில் உங்கள் குரல் தெளிவாக வந்தால் வேறு எங்கேயும் வரும்.

டூப்ளிகேட் பற்றிக் கொஞ்சம். 'பர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி' என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கிறவர்கள்கூடப் பரவாயில்லை, ஒரிஜினல் என்று சொல்லி விற்பவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். போலி ஏர்பாட்ஸை ஐபோன் பக்கத்தில் திறந்தால் ஒரிஜினல் மாதிரியே திரையில் படம் வரும், அதை நம்பாதீர்கள். சீரியல் எண்ணை ஆப்பிள் தளத்தில் போட்டுப் பார்க்கலாம்தான், ஆனால் உண்மையான எண்ணையே காப்பியடித்துப் போடுகிறார்கள், ஆகவே எண் பொருந்தவில்லை என்றால் நிச்சயம் போலி, பொருந்தினால் மட்டும் ஒரிஜினல் என்று ஆகிவிடாது. பெட்டியில் எம்ஆர்பி, இறக்குமதி செய்தவரின் பேர், முகவரி, எந்த மாதம் எந்த வருஷம், எந்த நாட்டில் செய்தது என்கிற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். உண்மையைச் சொன்னால், பிராண்ட் பட்ஸுக்கும் ஹெட்போனுக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் விலை ஆன்லைன் விலையைவிடக் குறைவு என்பது இப்போது பழைய கதை. கிளம்பும் முன் ஆன்லைன் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் இல்லையென்றால் ரிட்டர்ன் வசதி இருக்கிற இடத்தில் வாங்குவதே மேல். இங்கே வர வேண்டியது கனெக்டர், கன்வெர்ட்டர், ஆம்ப்ளிபயர் போர்டு, ஹெட்போன் குஷன், ஒயர் சால்டரிங் மாதிரி ஆன்லைனில் தேடினால் பேரே தெரியாத சாமான்களுக்குத்தான், அதில் இந்தத் தெருவை அடிக்க ஆள் கிடையாது.

டெம்பர்டு கிளாஸ் ஒட்டுகிறவர்கள் '11டி', '21டி' என்று சொன்னால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. 9எச் என்பதும் பென்சிலால் கீறிப் பார்க்கிற கணக்கு, மணல் கீறாது என்ற உத்தரவாதம் இல்லை. நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக பில். 'பில் வேணுமா, பில் இல்லாம குறைச்சுப் போடுறேன்' என்று கேட்பார்கள், ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் ஆசையாகத்தான் இருக்கும். அறுபது ரூபாய் கன்வெர்ட்டருக்கு விட்டுவிடலாம், ஆனால் சார்ஜர், பவர் பேங்க், வாரண்ட்டி உள்ள எதற்கும் சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் வெளியே வராதீர்கள், சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அதைத்தான். 'டெஸ்டிங் வாரண்ட்டி' என்றால் கடையில் போட்டுக் காட்டியதோடு சரி, படி இறங்கினால் அவர்கள் பொறுப்பில்லை என்று அர்த்தம், அதனால் அந்த மாதிரி சாமானை அங்கேயே பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பாருங்கள். பில் இருந்தும் பழுதான சாமானை மாற்றித்தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த மெல்லிய தாளில் அடித்த எழுத்து ஆறு மாதத்தில் வெளுத்துவிடும்.