ஹோலில் ஒரு ஃபீச்சர் வோல்: நிறத்துக்கு முன் ஈரத்தைப் பாருங்கள்

போனில் நாலு படம் பார்த்துவிட்டு நேரே பெயின்ற் கடைக்குப் போகாதீர்கள். ஃபீச்சர் வோல் என்றால் மற்றச் சுவர்களிலிருந்து ஒரு சுவரை மட்டும் எடுப்பாகக் காட்டுவது. கொழும்பில் அதைச் செய்ய வேண்டுமென்றால் முதலில் அந்தச் சுவர் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நிறமெல்லாம் அப்புறம்.

எந்தச் சுவர் என்பது பெரிய கஷ்டமில்லை. வாசல் கதவைத் திறந்ததும் கண் எங்கே போய் விழுகிறதோ அதுதான். ஜன்னலும் இரண்டு கதவும் உள்ள சுவரை விடுங்கள், அங்கே நிறம் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

இனி ஈரம். சுவரின் அடியில், நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்துக்குள், பெயின்ற் கொப்பளித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். விரலால் தேய்த்தால் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டினால் அது உப்பு. சுவருக்குள் இருக்கும் நீர் வெளியே வரும்போது கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பையும் கூட்டிக்கொண்டு வந்து மேலே விட்டுவிட்டு ஆவியாகிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் பாத்ரூம் இருந்தால் இன்னும் கவனம், டைல் இடுக்கால் கசியும் தண்ணீர் வெளியே தெரிய மாதக்கணக்காகும். சந்தேகமாக இருந்தால் ஒரு சதுர அடி பொலித்தீனை நாலு பக்கமும் ஒட்டும் ரேப் போட்டு இடைவெளி இல்லாமல் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது பொலித்தீனின் சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. கசிவை நிறுத்திக் காயவிடும் வரை அதன்மேல் என்ன போட்டாலும் காசு வீண்.

மரப் பட்டியோ பிவிசி பனலோ அடித்து மறைத்தால் போதும் என்று சில பாஸ்மார் (மேசன், தச்சு வேலை செய்பவர்கள்) சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். மறைத்த ஈரம் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும், எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் ஊதும், தரை வீட்டில் மரம் என்றால் கறையானுக்கு விருந்து. வோல்பேப்பரும் நம்முடைய புழுக்கத்தில் மூலையிலிருந்து உரியத் தொடங்கிவிடும். என்னைக் கேட்டால், முடிந்தவரை பெயின்ற்தான்.

வேலைக்கு நல்ல காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழைக்குள் தொடங்கினால் ஒவ்வொரு பூச்சும் காய இழுபடும். புதிதாகச் சாந்து பூசிய சுவர் என்றால் ஒரு மாதமாவது விடுங்கள், பிறகு சாந்தின் காரத்தைத் (அல்கலி) தாங்கும் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, ஒருதரம் அடியுங்கள்.

நிறத்தை ஷேட் கார்ட்டில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சின்ன டின் ஒன்று வாங்கி, பெரிய காட்போட் மட்டையில் இரண்டு பூச்சு அடித்து, காலையிலும் பின்னேரம் நாலு மணிக்கும் இரவு லைட் போட்ட பிறகும் அந்தச் சுவரிலேயே சாய்த்து வைத்துப் பாருங்கள். வெள்ளவத்தையில் கடல் பக்கம் பார்த்த ஃபிளாட்டில் பின்னேர வெயில் நேரே உள்ளே வரும். காலையில் அமைதியாக இருந்த மஞ்சள் அப்போது கண்ணைக் குத்தும். இரவில் வெள்ளை ரியூப் லைட்டின் கீழே மண் சிவப்பு செத்த பழுப்பாகிவிடும், மஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் வோர்ம் பல்ப் போட்டால் உயிர் வரும். பளபளப்பான பெயின்ற் வேண்டாம், சாந்தின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். மட் ஃபினிஷ் எடுங்கள்.

12 அடி நீளம், 9 அடி உயரமான சுவருக்கு இரண்டு பூச்சுக்கு ஏறக்குறைய இரண்டு லீற்றர் போதும், 4 லீற்றர் வாளியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நிறத்தை உள்மூலையில் நிறுத்துங்கள். ஓரம் நேராக வர மாஸ்கிங் ரேப் ஒட்டி, ரேப்பின் விளிம்பில் முதலில் பக்கத்துச் சுவரின் பழைய நிறத்தையே ஒருதரம் தடவிக் காயவிட்டு, அதற்கு மேல் புது நிறம் அடியுங்கள். புது நிறம் ரேப்புக்கு அடியில் கசியாது.

அப்புறம் நம் வீட்டு விஷயம். பட்டமளிப்புப் படம், கல்யாணப் படம், அப்பம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம் எல்லாம் ஹோலில் மூலைக்கொன்றாகத் தொங்கும். அதையெல்லாம் ஒரே சுவருக்குக் கொண்டுவந்தால் அதைவிட நல்ல ஃபீச்சர் வோல் எந்தக் கடையிலும் கிடையாது. பழைய வீரகேசரிப் பேப்பரை ஒவ்வொரு பிரேமின் அளவுக்கும் வெட்டிச் சுவரில் ஒட்டி, மாற்றி மாற்றிப் பாருங்கள். மொத்தக் கூட்டத்தின் நடு நிலத்திலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் கீழே வரட்டும், பிரேம்களுக்கிடையே இரண்டு மூன்று அங்குலம் விடுங்கள். மாலை போட்ட படங்களை மட்டும் இந்தக் கூட்டத்தில் கலக்காமல் தனியே வைப்பது நல்லது, அம்மாமார் மனம் நோகக் கூடாது. சுவிச்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் கீழேயும் துளை போடவே வேண்டாம், வயர்க் குழாய் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடும்.

வாடகை வீடா? ஆணி அடிக்க வீட்டுச் சொந்தக்காரர் விடமாட்டார், பெயின்ற் மாற்றினால் அட்வான்ஸில் கழிப்பார். அப்படியென்றால் துணிதான் வழி. பெந்தோட்டை பீச் ஹோட்டலில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா முன்கூடத்துக் கூரைக்கே துணிக் கலைஞர் ஈனா டி சில்வாவின் பத்திக்கை (மெழுகு தடவிச் சாயமிட்ட துணி) போட்டார். நாம் ஒரு சுவருக்குப் போடலாம். ஏற்கெனவே இருக்கும் கேட்டின் (திரைச்சீலை) ரெயிலிலோ, நிலத்தில் நிற்கும் ஸ்டாண்டிலோ ஒரு பெரிய பத்திக் அல்லது கைத்தறித் துணியைத் தொங்கவிட்டு, கீழ் விளிம்பை மடித்துத் தைத்து உள்ளே ஒரு மெல்லிய கம்பியைச் செருகுங்கள். ஃபேன் காற்றுக்கு ஆடாது. வீடு மாறும்போது சுருட்டிக்கொண்டு போகலாம்.