நீல நட்சத்திரக் கொடி: தைப்பவர்களும் வைத்திருப்பவர்களும் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் சில வீட்டு ஜன்னல்களில் சின்னக் கொடி ஒன்று தொங்கும். சிவப்புக் கரை, நடுவில் வெள்ளை, அதில் ஒரு நீல நட்சத்திரம். அந்த வீட்டு ஆள் ஒருவர் போர்க்காலத்தில் படையில் இருக்கிறார் என்று அர்த்தம். போர்முனையில் இருந்த தன் இரண்டு மகன்களுக்காக 1917ல் ஒஹாயோ ராணுவ அதிகாரி ராபர்ட் குவீசர் உருவாக்கிய வடிவம் இது. கடையிலும் கிடைக்கும்; கையால் தைப்பவர்களும் உண்டு.

அவர்கள் செய்யும் பெரிய தவறு, நீல நட்சத்திரத்தைப் பிரித்து எடுப்பது. படையில் இருக்கும்போதே அவர் இறந்துவிட்டால் தங்க நட்சத்திரம் வர வேண்டும், சரி. ஆனால் நீலம் போகக்கூடாது. அதன் மேலேயே, சற்றுச் சின்னதாக வெட்டிய தங்கத் துணியை வைத்துத் தைக்க வேண்டும். சுற்றிலும் நீலம் மெல்லிய கரையாகத் தெரியும். அவர் பணியாற்றிய காலமும் அந்தக் கொடியிலேயே இருக்கும் என்பதால் எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். தைக்கும்போது ஐந்து முனைகளையும் முதலில் குண்டூசி குத்தி நிறுத்துங்கள். உள்மூலைகளில் லேசாகக் கத்தரித்து ஓரத்தை மடித்தால் துணி சுருங்காது.

ஒரு நட்சத்திரம் என்பது ஒரு ஆள். பதவிக்கும் பதக்கத்துக்கும் கூடுதலாகச் சேர்க்கக்கூடாது. நாட்டுக் கொடியோடு சேர்த்துத் தொங்கவிட்டால், இது அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது.

ஆதரவு காட்டும் ஆசையில், படையில் யாருமே இல்லாத வீடுகளிலும் சிலர் இதைத் தொங்கவிடுகிறார்கள். நல்ல மனசுதான், ஆனாலும் வேண்டாம். அமெரிக்கச் சட்டம் இதை நெருங்கிய குடும்பத்தாருக்கு என்றே வைத்திருக்கிறது. தெருவில் போகிறவர் அந்த ஜன்னலைப் பார்த்ததும் உள்ளே ஒரு அம்மாவோ மனைவியோ காத்திருக்கிறார் என்று நம்ப வேண்டும். பணி முடிந்து அவர் வீடு திரும்பிய பிறகு கொடியை இறக்கிவிடலாம்.

தாத்தா காலத்துக் கொடி கையில் கிடைத்தால் உடனே தண்ணீரில் நனைக்காதீர்கள். பழைய சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கினால் திரும்ப எடுக்கவே முடியாது. ஈரமான வெள்ளைப் பஞ்சை ஓரத்தில் ஒற்றிப் பார்த்தாலே சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். தங்க நட்சத்திரத்தைத் தூக்கி அடியில் நீலம் இருக்கிறதா என்று பார்ப்பதும் வேண்டாம்; கொடியைத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்த்தால் போதும்.

அப்புறம், மடித்து வைக்காதீர்கள், மடிப்பில்தான் துணி முதலில் கிழியும். அமிலம் இல்லாத தாளோடு சுருட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். இந்தக் கொடியில் பெயரே இருக்காது. வீட்டை விட்டுப் போய்விட்டால் அது யாருக்காகத் தைத்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். அதனால் அவர் பெயர், தைத்தவர் பெயர், ஆண்டு மூன்றையும் தனித் தாளில் பென்சிலால் எழுதி, கொடியோடு சேர்த்து வையுங்கள்.