மாட்டுக் கணக்கில் குதிரையைப் பூட்டாதீர்கள்

காணும் பொங்கல் சமயத்தில் திருக்கடையூர், தரங்கம்பாடிப் பக்கம் நடக்கும் எல்கைப் பந்தயத்தில் மாட்டு வண்டியோடு குதிரை வண்டியும் ஓடும். அதனால் டெல்டாவுக்குக் குதிரை புதிதல்ல. அதை மரக்கட்டை இழுக்கவிடும் போட்டிதான் புதிது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் காட்டில் வெட்டிய மரத்தைக் குதிரை பூட்டி இழுத்துவரும் தொழிலிலிருந்து வந்த விளையாட்டு இது. நட்டுவைத்த கோல்களுக்கு நடுவே கட்டையோடு வளைந்து வளைந்து வரவேண்டும். கோல் உச்சியில் வைத்த பந்து விழுந்தால் நேரத்தில் சில நொடிகள் கூடும். வேகத்தைவிடப் பதவிசுக்குத்தான் மதிப்பு.

நம் ஊரில் இதை நடத்த நினைப்பவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: மாட்டில் பழகிய கையோடு குதிரையிடம் போவது.

மாடு நுகத்தடியைத் திமிலால் தள்ளும். குதிரைக்குத் திமில் ஏது? அது மார்பாலும் தோளாலும் தள்ளும். கழுத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்கவிட்டால் மூச்சுக்குழல் நெரியும். மார்பில் அகலமான மெத்தை வார், அல்லது தோளில் உட்காரும் கழுத்துப்பட்டை வேண்டும். அதிலிருந்து இரு பக்கமும் வரும் வார்கள் பின்னால் ஒரு குறுக்குத் தடியில் சேர, அந்தத் தடியின் நடுவிலிருந்து கட்டைக்குச் சங்கிலி போகவேண்டும். நைலான் கயிறு வேண்டாம். இழுபட்டு அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி அடிக்கும். ஒரே தட்டில் கழன்றுவிடும் கொக்கி கட்டாயம்.

அடுத்தது கனம். தென்னந்துண்டு எங்கும் கிடைக்கும் என்பதால் கண்ணளவில் அறுத்துப் போட்டுவிடுவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளைச் சுத்தம் செய்தவர்களுக்குப் பச்சைத் தென்னையின் கனம் தெரியும். ஓர் அடி விட்டத்தில் ஆறடித் துண்டே 100 கிலோவைத் தாண்டும். நம் ஜட்கா வண்டி இழுக்கும் மட்டக்குதிரை சுமார் 250 கிலோ இருக்கும். தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையில்தான் அது அசராமல் தொடர்ந்து இழுக்கும் என்பது பொதுக் கணக்கு; இங்கே அது 25 கிலோ. தரையில் உரசும் கட்டையின் எடையில் பாதி இழுவையாகிறது என்று வைத்தால், 50 கிலோ கட்டையில் தொடங்குவதே நியாயம். பழைய இரும்புக் கடைத் தராசில் எடை போட்டுவிட்டு இறக்குங்கள். முன்முனையைச் சீவி மழுக்குங்கள், இல்லையென்றால் மண்ணில் குத்தி நிற்கும். வழவழப்பான தென்னையில் சங்கிலி நழுவும் என்பதால் சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டிவிட வேண்டும்.

வயலைச் சமன்செய்யப் பரம்படிக்கும்போது பலகையில் பிள்ளைகளை ஏற்றி உலாவிய ஊர் நம்முடையது. அந்த ஆசையில் யாராவது கட்டைமேல் ஏறி நிற்பார்கள். பலகை உருளாது, கட்டை உருளும்! ஓட்டுபவரும் கட்டைக்குப் பின்னால், பக்கவாட்டில் நடக்கவேண்டும். குதிரைக்கும் கட்டைக்கும் நடுவே போகக்கூடாது, திருப்பத்தில் உள்பக்கம் நிற்கக்கூடாது. அங்கேதான் சங்கிலி விறைத்துக் காலை வாரும். கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொள்ளும் மாட்டுக்காரப் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

குதிரை பயந்தால் ஓடும் பிராணி. தனக்கு நேர் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. காலடியில் ஏதோ சரசரவென்று துரத்துவதாகவே நினைக்கும். போட்டிக்குப் பல வாரம் முன்பே வெறும் சங்கிலி, அப்புறம் பழைய டயர், அப்புறம் சிறு கட்டை என்று பழக்கியிருக்க வேண்டும். அன்றைக்குத் தப்பட்டையும் வெடியும் தூரமாக இருக்கட்டும். கூட்டத்துக்கு முன்னால் இரட்டைத் தடுப்பு.

களம் என்றால் சம்பா அறுத்த வயல்தான் முதலில் நினைவுக்கு வரும். மேலே காய்ந்து உள்ளே களியாக இருக்கும் மண்ணில் குளம்பு புதையும்; நன்றாகக் காய்ந்துவிட்டாலோ வெடிப்பில் கால் மாட்டும். ஆற்று மணலும் ஆகாது. புல் படர்ந்த மேட்டுத் திடலே சரி.

அனுமதி விஷயத்தில் ஒன்று. ஜல்லிக்கட்டுக்கான 2017 சட்டத்திருத்தம் காளைகளுக்கானது. அதைக் காட்டிக் குதிரைக்கு அனுமதி கேட்க முடியாது. மாவட்ட நிர்வாகம், காவல்துறை, கால்நடைத்துறை மூன்றிடமும் முன்பே பேசிவிடுங்கள். இழுவை விலங்குகளுக்கான 1965 விதிகள், வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை அவற்றை வண்டியிழுக்கவோ சுமக்கவோ விடக்கூடாது என்கின்றன. நம் வெயிலுக்கு ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவதே உத்தமம். கால்நடை மருத்துவர் திடலிலேயே இருக்கவேண்டும்; ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) தடுப்பூசி போடாத குதிரையைச் சேர்க்கக்கூடாது. சின்னச் சிராய்ப்பே அதற்கு எமனாகும்.

நடுவர் தயங்காதவராக இருக்கவேண்டும். இரண்டு முறை முயன்றும் கட்டை நகரவில்லை என்றால் உடனே அவிழ்க்கச் சொல்லட்டும். மூன்றாவது முறைக்குச் சாட்டை கேட்பவர் நிச்சயம் வருவார். சாட்டையைத் திடலுக்குள் விடாமலிருந்தால் அந்தத் தகராறே இல்லை.