யோகா பழகத் தொடங்கும்போது விடுகிற பிழைகள்

நாரிப்பிடிப்பு, பிரசர், சீனி, நித்திரை இல்லாமை. யாழ்ப்பாணத்தில் நாற்பது தாண்டி யோகா வகுப்புக்கு வருகிற பலர் இதில் ஒன்றையாவது சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். வருவது மிக நல்ல விஷயம். ஒழுங்காகப் பழகினால் நாரி இளகும், மூச்சு ஆறும், இரவில் கண் அயரும். ஆனால் இருந்த நோவைக் கூட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவசரம்தான் காரணம்.

சர்வதேச யோகா தினத்தை ஐக்கிய நாடுகள் சபை 2014 இல் அறிவித்தது. 2015 இலிருந்து ஒவ்வொரு ஜூன் 21 உம் இங்கேயும் கூட்டமாகச் செய்கிறோம். அன்றைக்குப் பார்த்து ஆசை வந்து தொடங்குவதில் பிழையில்லை. வருடம் முழுக்க அசையாத உடம்பை அந்த ஒரு காலையிலேயே பன்னிரண்டு சூரிய நமஸ்காரத்துக்கு வளைப்பதுதான் பிழை. மூன்று சுற்றோடு தொடங்குங்கள். அதற்கு முன் கழுத்து, தோள், இடுப்பு, கணுக்கால் என்று மூட்டுகளை மெதுவாகச் சுழற்றி உடம்பைச் சூடாக்குங்கள்.

எங்கள் ஆட்கள் அதிகம் அடிபடுவது முழங்காலில். கோயிலில் சம்மணம் கொட்டி இருந்து பழகியவர்கள், பத்மாசனமும் அதே மாதிரித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். அது வேறு. முழங்கால் கதவுப் பிணைச்சல் மாதிரி, மடங்கவும் நிமிரவும் செய்யும், பெரிதாகத் திரும்பாது. பத்மாசனத்துக்கு வேண்டிய திருப்பம் இடுப்பு மூட்டில் இருந்து வர வேண்டும். அங்கே இறுக்கமாக இருக்கும்போது பாதத்தைக் கையால் இழுத்து மற்றத் தொடையில் ஏற்றினால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குள் போய்விடும். உள்பக்கமாகக் குத்துகிற மாதிரி ஒரு நோ வந்தால் உடனே காலை இறக்குங்கள். 'நோகத்தான் செய்யும், போகப் போகச் சரிவரும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தொடையின் பின்தசை இழுபடுவது ஒன்று, மூட்டுக்குள் குத்துவது வேறொன்று. முதலாவதைக் கொஞ்சம் பொறுக்கலாம். இரண்டாவதைப் பொறுக்கவே கூடாது. முழங்கால் தேய்ந்தவர்கள் கதிரையில் இருந்து செய்யட்டும். முள்ளந்தண்டு நிமிர்ந்திருந்தால் போதும், அதில் எந்தக் குறைவும் இல்லை.

பாயையும் சொல்ல வேண்டும். பன்பாயும் பனையோலைப் பாயும் படுக்க நல்லவை. ஆனால் மினுக்கிய சீமெந்துத் தரையிலோ டைல்ஸிலோ விரித்துக் கையை ஊன்றினால் பாய் வழுக்கும். நின்று செய்யும் ஆசனங்களுக்கு வெறுந்தரையே மேல். கையூன்றிச் செய்கிறவற்றுக்கு வழுக்காத றப்பர் விரிப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மூச்சு. இதில்தான் சைவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு தனிப் பிழை வருகிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் பிராணாயாமத்துக்குக் கணக்குச் சொல்கிறார்: உள்ளே இழுக்கப் பதினாறு, அடக்கி வைக்க அறுபத்து நாலு, வெளியே விட முப்பத்திரண்டு. அதைப் படித்துவிட்டு முதல் கிழமையிலேயே அறுபத்து நாலு வரை மூச்சைப் பிடிக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. முகம் சிவந்து தலை சுற்றும். பிரசர் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. அதே தந்திரம் இயமம், நியமம், ஆசனம் என்று படிப்படியாக வந்த பிறகுதானே பிராணாயாமத்துக்குப் போகிறது? அந்த ஒழுங்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தொடக்கத்தில் மூச்சை அடக்கவே வேண்டாம். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். விடுகிற மூச்சு நீளும்போது நெஞ்சின் படபடப்புத் தானாகக் குறையும்.

வயிற்றை உள்ளே இழுத்து மூச்சை வெட்டி வெட்டி வெளியே தள்ளுகிற கபாலபாதியையும் பலர் யூடியூப் பார்த்து வேகமாக அடிக்கிறார்கள். அது உண்மையில் ஆறு சுத்திக் கிரியைகளில் ஒன்று. கர்ப்பிணிகள், பிரசர் கூடியவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் செய்யக் கூடாது. தொய்வு உள்ளவர்கள் சோளகக் காற்றில் புழுதி பறக்கிற முற்றத்தில் இருந்து எந்த மூச்சுப் பயிற்சியும் செய்யாமல் உள்ளே இருந்து செய்வது நல்லது.

சிரசாசனம் பற்றிச் சுருக்கமாக: கண் அழுத்த நோய், கழுத்து எலும்புத் தேய்வு, கட்டுப்படாத பிரசர் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடும். நாரியில் டிஸ்க் விலகியவர்களும் எலும்பு தேய்ந்த வயதான அம்மாக்களும் காலை நீட்டி இருந்து முன்னால் குனிகிற பச்சிமோத்தானாசனத்தில் தலையை முழங்காலில் முட்ட வைக்க முயலக் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் இரண்டு பக்கமும் பிழை நடக்கிறது. இரவு வகுப்புக்குப் பின்னேரம் வயிறு நிறையப் புட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவது ஒரு பக்கம். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணித்தியாலமாவது போக வேண்டும். மறுபக்கம், சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் விடியவே வெறும் வயிற்றில் ஒரு மணித்தியாலம் செய்வது. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில குளிசைகள் எடுப்பவர்களுக்கும் சீனி திடீரென்று இறங்கலாம். கை நடுங்கி, குளிர் வியர்வை வந்து, கண் இருண்டால் அதை 'யோகா வேலை செய்கிறது' என்று எடுக்காதீர்கள். நிறுத்திவிட்டு உடனே சீனி போட்ட தேத்தண்ணி குடியுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்துவதும் கூடவே கூடாது. யோகா மருந்துக்குத் துணை. அளவைக் குறைப்பதா என்று டொக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இனி, இங்கே யோகா சொல்லிக் கொடுப்பவர்கள் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் யோசிக்க வேண்டிய ஒன்று. எங்கள் வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் போருக்குள்ளால் வந்தவர். உடம்பில் செல் துண்டோடு இருப்பவர் உண்டு, செயற்கைக் காலோடு வருபவர் உண்டு, பிள்ளையைத் தொலைத்த தாய் உண்டு. 'கண்ணை மூடுங்கள், உள்ளே பாருங்கள்' என்பது ஒருவருக்கு அமைதி தரும். இன்னொருவருக்கு அதே இருட்டில் பங்கர் திரும்பி வரும். நெஞ்சு அடிக்கும், அழுகை வரும், எழுந்து ஓட வேண்டும் போல இருக்கும். அவருக்கு மனக் கட்டுப்பாடு போதாது என்று நினைப்பது பெரிய பிழை. கண்ணைத் திறந்தபடி, வாசலைப் பார்த்தபடி, பாதம் தரையில் படுவதைக் கவனித்துக்கொண்டு இருந்தாலே போதும். கடைசியில் அசையாமல் படுத்து ஓய்வெடுக்கிற சவாசனத்தில் மல்லாந்து படுக்க முடியாவிட்டால் பக்கவாட்டில் படுக்கலாம், சுவரில் சாய்ந்தும் இருக்கலாம். நித்திரையில் திடுக்கிட்டு எழும்புவதும் பயமும் விடாமல் இருந்தால், யோகாவோடு மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

முடிகிற நேரத்தில் பிள்ளையை ரியூசனில் ஏற்ற வேண்டும் என்று சவாசனத்தை விட்டுவிட்டு ஓடுவதும் வழக்கமாகிவிட்டது. நேரம் இல்லாவிட்டால் இரண்டு ஆசனத்தைக் குறையுங்கள், அந்த ஐந்து நிமிட ஓய்வை விடாதீர்கள். நித்திரைக்காக வருபவர்களுக்கு அதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி.

ஆசிரியரைத் தேடும்போது அவர் உடம்பு எவ்வளவு வளைகிறது என்று பார்க்க வேண்டாம். உங்களிடம் என்ன வருத்தம் இருக்கிறது என்று முதலில் கேட்கிறாரா, உங்களைத் தொட்டுத் திருத்துவதற்கு முன் அனுமதி கேட்கிறாரா, 'முடியாவிட்டால் விடுங்கோ' என்று சொல்லத் தயங்காமல் இருக்கிறாரா என்று பாருங்கள். முதல் நாள் போகும்போது கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள். என்னென்ன மருந்து என்று வாயால் சொல்லும்போது ஒன்றிரண்டு விடுபட்டுப் போகும்.