மைக்கூட்டுக்குள் கொஞ்சம் பட்டு

நாணல் பேனாவால் அரபி எழுத்துக்கலை பழகுகிறவர்கள் மைப்புட்டியில் பேனாவை நேராக முக்காதீர்கள். பழைய எழுத்தர்கள் மைக்கூட்டுக்குள் பட்டு இழைகளைத் திணித்து வைப்பார்கள். ‘லீக்கா’ என்று பெயர். முறுக்காத பட்டு இழைதான் நல்லது. பஞ்சு வைத்தால் நார் பிரிந்து நுனியில் ஒட்டிக்கொண்டு கோட்டைக் கெடுத்துவிடும்.

இழையை வெந்நீரில் அலசி, காயவைத்து, சிறிய வாயகன்ற சீசாவில் தளர்வாக வையுங்கள். மை இழைக்கு மேலே தேங்கக் கூடாது, ஊறி நின்றால் போதும். நுனியை அதன்மேல் மெல்ல ஒற்றினால் தேவையான மைதான் ஏறும். சீவிய முனை கண்ணாடியில் இடித்து மழுங்காது, சீசா சாய்ந்தாலும் அவ்வளவாகக் கொட்டாது. எனக்கு இதுதான் பெரிய நிம்மதி! மை இறுகினால் சில சொட்டு காய்ச்சி வடித்த நீர் விட்டுக் குச்சியால் கிளறுங்கள்.

அப்புறம், முதலில் எழுத்து வேண்டாம், புள்ளி வையுங்கள். பேனா முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளிதான் எழுத்துகளுக்கு அளவுகோல். 940-இல் இறந்த பாக்தாத் அமைச்சர் இப்னு முக்லாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் முறை இது. ‘துலுத்’ என்ற அரபி எழுத்துப் பாணியில், செங்குத்துக் கோடாக வரும் முதல் எழுத்தான அலிஃபின் உயரத்தைப் பெரும்பாலும் 7 புள்ளியாகக் கற்றுத் தருகிறார்கள். ஏழும் ஒரே அளவில் விழுந்தால் மை சரியாக ஏறியிருக்கிறது.