எஸ்ட்ரின் – பெர்லினர்: ஒரு தபால் ஆட்டத்தைப் படிக்கும் முறை

மாதக்கணக்கில் கடிதம் போட்டு ஆடிய ஆட்டத்தை மூன்று நிமிடத்தில் தட்டிப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்காது. ஐந்தாவது உலகத் தபால் சதுரங்க சாம்பியன்ஷிப்பில் (1965–68) சோவியத் வீரர் எஸ்ட்ரினும் அமெரிக்க வீரர் பெர்லினரும் ஆடிய ஆட்டத்துக்கு நான் பதினோரு இரவு எடுத்துக்கொண்டேன். டூ நைட்ஸ் டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத் தொடக்க முறையில், எஸ்ட்ரின் பெரிய நிபுணர். அதே ஓப்பனிங்கில், கறுப்பில் ஆடி, பெர்லினர் அவரை வென்றார்.

இரண்டு பலகை வேண்டும். ஒன்றில் உண்மையான நகர்வு மட்டும். யோசித்துப் பார்க்கிற எல்லாம் இன்னொன்றில். தபால் ஆட்டக்காரர்களும் காயை நகர்த்திப் பார்த்துத்தான் ஆடினார்கள். வரும் நகர்வை அட்டையால் மறைத்து, உங்கள் நகர்வை நோட்டில் எழுதிவிட்டு அட்டையை இறக்குங்கள்.

முதல் நான்கு நகர்வு சீக்கிரம் போகட்டும். ஐந்தாவதில் கறுப்பு பி5 என்ற கட்டத்துக்குச் சிப்பாயை நீட்டுகிறது. வெள்ளை பிஷப் அதை வெட்டாமல் எஃப்1-க்கே திரும்புகிறது. ஏன்? வெட்டினால் கறுப்பு ராணி டி5-க்கு வந்து பிஷப்பையும் ஜி2 சிப்பாயையும் ஒருசேரக் குறிவைக்கும். இப்படி ஒரு வரியில் காரணம் எழுத முடியாத நகர்வைத் தாண்டாதீர்கள்.

பதினான்காவது நகர்வில் மூன்று இரவு உட்கார்ந்தேன். கறுப்புக்கு ஒரு குதிரை குறைவு. எஃப்3-இல் வெள்ளை யானை வெட்டக் கிடைக்கிறது. "வெட்டு" என்றுதான் என் நோட்டில் இருக்கிறது. பெர்லினர் வெட்டவில்லை, ஏ8 யானையை பி8-க்கு வைத்தார். பிஷப்பைத் தாக்கிவிட்டு, எஃப்3-ஐ அடுத்த நகர்வில் வெட்டினார். பதினெட்டாவதில் அதே யானை பி6-க்கு ஏறியபோதுதான் எனக்கு விளங்கியது. மூலையில் தூங்கிய காய் ராஜாவைத் தேடிப் போக வழி பிறந்துவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத நகர்வு!

மேட் ஆகும் என்று நினைப்பீர்கள். ஆகாது. 28-ஆவது நகர்வு முடியும்போது ஆளுக்கு ஒரு யானை, கறுப்புக்கு நான்கு சிப்பாய், வெள்ளைக்கு மூன்று. இந்த நிலையை யாரோடாவது ஆடிப் பாருங்கள். நான் தம்பி மகனோடு ஆடி, இரண்டு தடவையும் டிரா. எஃப்7 சிப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். பெர்லினர் அதைப் போகவிட்டு, 36-ஆவது நகர்வுக்குள் ராஜாவை சி2 வரை நடத்திவிட்டார்.

சரி, இப்போது திரும்ப ஐந்தாவது நகர்வுக்கு வாருங்கள். கம்ப்யூட்டரை அதற்கு அப்புறம் திறந்தால் போதும். அது சொல்வதை உங்கள் குறிப்புக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள். பழையதை அடிக்க வேண்டாம்.