வாசலில் கூடு கட்டிய தேன்சிட்டு: ஆண் எது, பெண் எது?

சென்ற ஆண்டு சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில், ஐந்தாம் மாடித் தாழ்வாரத்தில் அம்மா வளர்க்கும் காகிதப்பூச் செடியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. "வந்து வந்து போகுதே, அதுல எது ஆண், எது பெண்?" என்று அம்மா கேட்டார். தொண்டை நீலமாக இருந்தால் ஆண், மஞ்சளாக இருந்தால் பெண் என்று உடனே சொல்லிவிட்டேன். அந்தப் பதில் பாதிதான் சரி என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை.

படி 1: இனத்தை உறுதி செய்யுங்கள்

நான் சொல்வது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் தாழ்வாரத் தொட்டிச் செடிகளில் அடிக்கடி கூடு கட்டும், ஆங்கிலத்தில் Olive-backed Sunbird எனப்படும் சிட்டைப் பற்றி. வயிறு பளிச்சென்ற மஞ்சள், முதுகு மங்கிய பச்சை, வால் நுனியில் வெள்ளை, கீழ்நோக்கி வளைந்த மெல்லிய அலகு. நீளம் 11 சென்டிமீட்டர் அளவுதான். கண் சிவப்பாகவும் உடல் கொஞ்சம் பெரிதாகவும் இருந்தால் அது பழுப்புத் தொண்டைத் தேன்சிட்டு. உடம்பின் முன்பாதி முழுக்க ரத்தச் சிவப்பாக இருந்தால் செந்நிறத் தேன்சிட்டின் ஆண். அதன் பெண்ணுக்கு இந்தப் பளிச் மஞ்சள் கிடையாது.

படி 2: தொண்டையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்

வளர்ந்த ஆணுக்குத் தொண்டையும் மார்பின் மேல்பகுதியும் கருநீலமாக மின்னும். இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும்போதுதான் அந்த மினுமினுப்பு தெரியும். அதனால் கோணம் மாறினால் வெறும் கறுப்பாகத் தோன்றும். தாழ்வாரத்தில் வெளிச்சம் பறவையின் பின்னாலிருந்து வருவதால் பெண்ணின் தொண்டைகூட இருட்டாகத் தெரியலாம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிற நேரத்தில் பாருங்கள். எங்கள் வீட்டுக்குக் காலை எட்டு மணி சரியாக இருந்தது.

படி 3: மஞ்சள் தொண்டை என்றதும் பெண் என்று முடிவு செய்யாதீர்கள்

நான் தடுமாறிய இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு நாள் நீலத் தொண்டைச் சிட்டு மஞ்சள் தொண்டைச் சிட்டுக்கு உணவு ஊட்டுவதைப் பார்த்தேன். ஆண் தன் துணைக்கு ஊட்டுகிறது என்று குறித்துக்கொண்டேன். புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, உணவு வாங்கிய சிட்டின் வாயோரத்தில் தடித்த மஞ்சள் சதை இருந்தது. அலகும் குட்டை. அப்பாவிடம் சாப்பாடு கேட்ட குஞ்சு அது! கூட்டை விட்டு வெளியே வந்த குஞ்சுகள், ஆணானாலும் பெண்ணானாலும், தாயைப் போலவே மஞ்சளாக இருக்கும். இறக்கையைப் படபடவென்று நடுக்கிக் கேட்டால் முதலில் வாயோரத்தைப் பாருங்கள்.

சில வாரம் கழித்து இன்னொரு குழப்பம். மஞ்சள் தொண்டையின் நடுவில் மை இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. வேறு ஏதோ இனம் என்றே நினைத்தேன். அதுவும் ஆண்தான். இனப்பெருக்கக் காலம் முடிந்த ஆணுக்கு மினுக்கும் இறகுகள் உதிர்ந்து, நடுவில் ஒரு கோடு மட்டும் மிஞ்சும். இளம் ஆணுக்கும் நிறம் சிறிது சிறிதாகத்தான் ஏறும்.

ஆக, தொண்டையில் ஒரு கீற்றுக் கறுப்பு இருந்தாலும் ஆண். ஒன்றுமே இல்லையென்றால் பெண்ணாகவும் இருக்கலாம், இளம் பறவையாகவும் இருக்கலாம். அதைத் தீர்க்க அடுத்த படி.

படி 4: யார் என்ன வேலை செய்கிறது என்று கவனியுங்கள்

எனக்கு நிறத்தைவிட இதில்தான் நம்பிக்கை அதிகம். சிலந்தி வலையும் நாரும் சருகும் சேர்த்து, தொங்கும் பை போன்ற கூட்டைக் கட்டுவது பெண். வாசலுக்கு மேல் சின்னக் கூரைகூட வைக்கும். அடைகாப்பதும் பெண் மட்டும்தான். கூட்டு வாசலில் அலகை நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது பெண். பெரும்பாலும் இரண்டு முட்டைகள். குஞ்சு பொரித்த பிறகு இரண்டுமே ஊட்டும், அப்போது இந்த வழி உதவாது.

கருவிகள்

8x42 (8 மடங்கு பெரிதாக்கும்) இருநோக்கி போதும். 10 மடங்கு வாங்காதீர்கள், கை நடுக்கம் கூடுதலாகத் தெரியும், இவ்வளவு சின்னப் பறவையைத் தேடிப் பிடிப்பதும் கடினம். இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். கைப்பேசியில் படமெடுத்தால் ஃபிளாஷ் கூடவே கூடாது. மெர்லின் செயலி இனத்தைக் கண்டுபிடிக்க அருமையான உதவி. ஆணா பெண்ணா என்பதற்கு உங்கள் கண்ணையே நம்புங்கள்.

அப்புறம், தொட்டியை நகர்த்தாதீர்கள், கூட்டை எட்டிப் பார்க்காதீர்கள். அருகில் வரவைக்க சர்க்கரைத் தண்ணீர் வைப்பதும் வேண்டாம். 2020 முதல் நடப்பில் உள்ள சிங்கப்பூர் வனவிலங்குச் சட்டப்படி காட்டுயிர்களுக்கு உணவு கொடுப்பது குற்றம். ஒரு செம்பருத்திச் செடி வையுங்கள், தானாக வரும்.

பின்சேர்க்கை 1: காப்பிக்கடை மைனாவுக்கும் இது பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தாது. மைனா, சின்னான் இரண்டிலும் ஆண் பெண் பார்வைக்கு ஒரே மாதிரி. வட அமெரிக்காவின் சாம்பல் பூனைப்பறவையும் அப்படித்தான். ஆய்வாளர்கள் இனப்பெருக்கக் காலத்தில் அதைக் கையில் பிடித்து, வயிற்றில் அடைகாக்கும் இடத்தில் இறகு உதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், இல்லாவிட்டால் மரபணுச் சோதனைதான். அதிலும் பெண் மட்டுமே அடைகாக்கிறது. நம் ஊர்க் குயில் மிகச் சுலபம்: ஆண் முழுக் கறுப்பு, பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள்.

பின்சேர்க்கை 2: ஈசூன் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி, தன் வீட்டில் நீலத் தொண்டைதான் கூடு கட்டுகிறது என்று எழுதினார். பெண் கட்டும்போது ஆண் பக்கத்திலேயே பறந்து பாடிக்கொண்டிருக்கும், அலகில் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். மறுநாள் படம் அனுப்பினார். அலகில் நார் வைத்திருந்தது மஞ்சள் தொண்டை.